அந்த ஓட்டையில் சொருகாதே!

கடலூரிலிருந்து பண்ருட்டி போகும் சாலையில், தென்பெண்ணைக்கும் கெடிலத்துக்கும் நடுவே இருக்கிறது நெல்லிக்குப்பம். 19ஆம் நூற்றாண்டிலேயே சர்க்கரை ஆலையைக் கண்ட ஊர். அரவைப் பருவத்தில் கரும்பு டிராக்டர்கள் உறுமிக்கொண்டு போகும் அந்தச் சாலையோரம் ஓர் இணையச் சேவைக் கடையை எண்ணிக்கொள்ளுங்கள். பத்தடி அகலம். ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு லேமினேஷன் பெட்டி, ஒரு பழைய கம்ப்யூட்டர். கம்ப்யூட்டரின் முதுகில் உள்ள யூஎஸ்பி ஓட்டைகளுக்கு மேல் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் எழுதியிருக்கிறது: ‘பிரிண்டர்’, ‘ரேகை’. மூன்றாவதில் ‘தொடாதே’.

கரும்பு விவசாயி ஒருவர் பிரதமர் கிசான் பணத்துக்காக விரல்ரேகை வைக்க வந்திருக்கிறார். ரேகை பதிந்துவிட்டது. ரசீது மட்டும் வரவில்லை. கடைக்காரப் பெண் அச்சு பட்டனை நாலு தடவை அழுத்திவிட்டார். பிரிண்டரில் பச்சை விளக்கு எரிகிறது. திரையோ பிரிண்டர் ஆஃப்லைன் என்கிறது. எட்டிப் பார்த்தால், உதவிக்கு வந்த பையன் பென் டிரைவ் போடுவதற்காகப் பிரிண்டர் ஒயரைப் பிடுங்கிப் பக்கத்து ஓட்டையில் மாட்டியிருக்கிறான்.

“டேய் தம்பி, அந்த ஓட்டையில சொருகாதேன்னு எத்தனை வாட்டி சொல்றது!”

“ஏம்மா, ரெண்டு ஓட்டையும் ஒரே மாதிரிதானே இருக்கு?” என்கிறார் பெரியவர்.

“நமக்கு ஒண்ணுதாங்க ஐயா. கம்ப்யூட்டருக்கு வேற வேற.”

தமிழ்நாட்டில் கம்ப்யூட்டர் கடை நடத்துகிறவர்களில் பல பேர் இப்படிச் சொல்வார்கள். கம்ப்யூட்டர் படித்த பலர் இதை மூடநம்பிக்கை என்று சிரிப்பார்கள். யார் சொல்வது சரி? விடை ஓட்டையில் இல்லை. அதற்குப் பின்னால், இயக்க முறைமைக்குள் வரிசைகட்டி நிற்கும் கோப்புகளில் இருக்கிறது. இந்த அத்தியாயம் அவற்றைப் பற்றியது.

ஓட்டை மட்டும் போதவில்லை

1990களின் தொடக்கத்தில் கம்ப்யூட்டரின் முதுகு ஒரு கலவரபூமி. பிரிண்டருக்கு 25 ஊசி கொண்ட அகலமான இணைப்பு, மோடத்துக்கு வேறொன்று, கீபோர்டுக்கும் மவுஸுக்கும் வட்டமாகத் தனித்தனியே. மாட்டித் திருகாணி முடுக்கி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால்தான் புதுக் கருவி கண்ணில் படும். இந்தத் தொல்லைக்கு முடிவுகட்ட 1994இல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், ஐபிஎம், காம்பேக், டெக், என்இசி, நார்டெல் என ஏழு நிறுவனங்கள் கூடின. இன்டெலில் இந்த வேலையை முன்னின்று நடத்தியவர் குஜராத்தின் வடோதராவில் பிறந்து, அங்கேயே பொறியியல் படித்த அஜய் பட். 1996 ஜனவரியில் யூஎஸ்பி 1.0 விதிமுறை வெளியானது.

ஓட்டை பிறந்துவிட்டது. ஆனால் அதில் எதையாவது சொருகினால் புரிந்துகொள்ள ஆள் இல்லை. முதலில் வந்த விண்டோஸ் 95இல் யூஎஸ்பிக்கான கோப்புகளே கிடையாது. பின்னால் வந்த பதிப்பில்தான் சேர்த்தார்கள். விண்டோஸ் 98 அதை முழுமூச்சாக எடுத்துக்கொண்டது. 1998 ஏப்ரலில் சிகாகோவில் நடந்த காம்டெக்ஸ் கண்காட்சி மேடையில், பில் கேட்ஸ் பக்கத்தில் நிற்க, அவருடைய உதவியாளர் ஒரு ஸ்கேனரை யூஎஸ்பியில் மாட்டினார். திரை நீலமாகிக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. அரங்கம் சிரித்தது.  ஸ்கேனரை வரவேற்க வேண்டிய மென்பொருள் தடுக்கி விழுந்தது. இரண்டு மாதம் கழித்து, ஜூன் 25இல் விண்டோஸ் 98 விற்பனைக்கு வந்தது.

ஆலை வாசலில் ஒரு டிராக்டர்

யூஎஸ்பி 2.0இல் ஒரு கண்டிப்பான விதி உண்டு: கம்ப்யூட்டர் கேட்காமல் எந்தக் கருவியும் வாய்திறக்கக் கூடாது. நாம் கீபோர்டில் ‘அ’ அடித்ததும் அது ஓடிப்போய்ச் சொல்வதில்லை. ‘ஏதாவது இருக்கிறதா?’ என்று கம்ப்யூட்டர் சில மில்லி நொடிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருக்கிறது. கேட்கும்போதுதான் அது ‘அ’ என்கிறது. நெல்லிக்குப்பத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெட்டு உத்தரவு இல்லாமல் கரும்பு வெட்டுவதில்லை. ஆலை கூப்பிடாமல் வண்டி எடைமேடைக்கு ஏறுவதுமில்லை.

வண்டி வாசலுக்கு வந்ததும் என்ன நடக்கிறது? யூஎஸ்பி 2.0 ஒயருக்குள் நான்கு கம்பிகள். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு பேச்சுக்கு. கடலூர் மாவட்டத்துக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்: நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் பிறந்த மின்சாரம் பல படி இறங்கி, கடைசியில் 5 வோல்ட்டாக இந்தக் கம்பியில் வந்து நிற்கக்கூடும். கருவிக்கு மின்சாரம் கிடைத்ததும், அது தன் பேச்சுக் கம்பிகளில் ஒன்றை 1.5 கிலோ ஓம் மின்தடை வழியாக மேலே இழுக்கிறது. கை தூக்குவதுபோல. எந்தக் கம்பி உயர்கிறது என்பதை வைத்தே, மெதுவாகப் பேசும் கருவியா வேகமாகப் பேசும் கருவியா என்று கம்ப்யூட்டர் அறிந்துகொள்கிறது.

பிறகு கம்ப்யூட்டர் அந்த ஓட்டையை ஒருமுறை மீட்டமைத்து, கருவியைப் பூஜ்ய முகவரியில் நிறுத்துகிறது. பூஜ்ய முகவரி என்பது ஒற்றை வண்டி மட்டும் நுழையும் வாசல். ஒரு நேரத்தில் ஒன்றுதான் நிற்கலாம். அங்கே வைத்து ‘நீ யார்?’ என்று கேட்டு, 1 முதல் 127க்குள் ஓர் எண்ணைக் கொடுத்து உள்ளே அனுப்புகிறது. டோக்கன் கொடுப்பது மாதிரிதான். இதெல்லாம் முடிந்து அனுமதி கிடைக்கும்வரை 100 மில்லி ஆம்பியருக்கு மேல் கருவி மின்சாரம் எடுக்கக் கூடாது. அனுமதிக்குப் பின் 500 வரை எடுக்கலாம். யூஎஸ்பி 2.0இன் கணக்கு இது.

18 பைட் சாதகம்

‘நீ யார்?’ என்ற கேள்விக்குக் கருவி தரும் பதில் வெறும் 18 பைட். ஒரு தமிழ் வாக்கியம்கூட அதற்குள் அடங்காது. ஆனால் கருவியின் சாதகத்தில் முக்கியமான பகுதி அதில் இருக்கிறது. 9, 10ஆவது பைட்டுகளில் தயாரித்த நிறுவனத்தின் எண். இன்டெலின் எண் அதன் பழைய புகழ்பெற்ற பிராசசரின் பெயரேயான 8086. அடுத்த இரண்டு பைட்டில் மாடல் எண். 17ஆவது பைட்டில், ‘எனக்கென்று தனி வரிசை எண் இருக்கிறதா’ என்ற குறிப்பு. அந்த இடத்தில் பூஜ்யம் இருந்தால், இல்லை என்று பொருள். இந்த 17ஆவது பைட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெரியவரின் ரசீது அதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு முக்கியமான தகவல், கருவி எந்த வகுப்பைச் சேர்ந்தது என்பது. இது 18 பைட்டிலேயே இருக்கலாம். பெரும்பாலும் அடுத்து வரும் விவரக் குறிப்பில் இருக்கும். கீபோர்டு, மவுஸ் என்றால் 3. பிரிண்டர் என்றால் 7. பென் டிரைவ் என்றால் 8. இந்த எண்கள் உலகம் முழுவதும் ஒன்று. எந்தக் கடையில் வாங்கிய பென் டிரைவும் மாட்டியவுடன் திறப்பதற்குக் காரணம் இதுதான். 8ஆம் வகுப்புடன் எப்படிப் பேசுவது என்பது இயக்க முறைமைக்கு ஏற்கெனவே தெரியும். ‘நான் எந்த வகுப்பிலும் சேரமாட்டேன், என் வழி தனி வழி’ என்று அறிவிக்கவும் ஓர் எண் உண்டு: 255. அப்படிப்பட்ட கருவிக்குத் தயாரித்தவரே மென்பொருள் கொடுத்தாக வேண்டும். விரல்ரேகைக் கருவிக்குத் தனியாக இன்ஸ்டால் செய்யச் சொல்வது பெரும்பாலும் இதனால்தான்.

வாடகைப் பாத்திரக்கடை

சாதகம் கையில் வந்தபின் விண்டோஸ் தன் பதிவேட்டைப் புரட்டுகிறது. ஐஎன்எஃப் என்ற பின்னொட்டோடு நூற்றுக்கணக்கான சிறு கோப்புகள் அதனிடம் இருக்கின்றன. ‘இந்த நிறுவன எண், இந்த மாடல் எண் வந்தால் இந்த டிரைவரை எழுப்பு, அது இல்லையென்றால் வகுப்புக்குப் பொதுவான டிரைவரை எழுப்பு’ என்பதுதான் அவற்றில் எழுதியிருப்பது. கருவியோடு பேசத் தெரிந்த மென்பொருளான அந்த டிரைவர் எழுந்து இயக்க முறைமையின் கருவறைக்குள் உட்கார்ந்துகொள்கிறது. சாதாரணச் செயலிகளுக்கு அங்கே அனுமதி கிடையாது. அனுமதித்தால் ஒரு சின்னத் தவறும் மொத்தக் கம்ப்யூட்டரையும் கவிழ்த்துவிடும்; சிகாகோ மேடையை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் வெளியில் இருக்கும் செயலி கருவியுடன் பேசுவது எப்படி? இங்கேதான் நூலகக் கோப்புகள் வருகின்றன. விண்டோஸில் இவற்றின் பின்னொட்டு டிஎல்எல், லினக்ஸில் எஸ்ஓ. நூலகம் என்றதும் புத்தக அலமாரியை நினைக்க வேண்டாம். நம் ஊர் வாடகைப் பாத்திரக்கடையை நினையுங்கள். கல்யாணம் வருடத்துக்கு ஒருமுறைகூட வராத வீட்டில் ஐந்நூறு பேருக்குச் சோறு வடிக்கும் அண்டாவை யாரும் வாங்கி வைப்பதில்லை. கடையிலிருந்து எடுத்து, வேலை முடிந்ததும் திருப்பித் தருகிறார்கள். அதேபோல, யூஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் நிரலை ஒவ்வொரு செயலியும் தனித்தனியே எழுதி வைத்துக்கொள்வதில்லை. பொதுவான ஒரு கோப்பில் இருப்பதை வேண்டும்போது அழைத்துக்கொள்கின்றன. பத்துச் செயலிகள் அழைத்தாலும் அந்த நிரல் நினைவகத்தில் பெரும்பாலும் ஒரே பிரதியாகத்தான் இருக்கும்; ஒவ்வொரு செயலியின் தரவு மட்டும் தனித்தனி. அண்டா பொது, சாம்பார் அவரவருடையது.

யூஎஸ்பி தெருவில் உள்ள பாத்திரங்கள் சிலவற்றைப் பார்ப்போம். செட்டப்ஏபிஐ, சிஎஃப்ஜிஎம்ஜிஆர்32 என்ற இரண்டும் ‘இப்போது என்னென்ன கருவிகள் மாட்டியிருக்கின்றன, எது எங்கே இருக்கிறது’ என்று சொல்பவை. ஹெச்ஐடி என்ற நூலகம் கீபோர்டு வகுப்புக் கருவிகளின் மொழியைப் பிரித்துச் சொல்லும். கேம் விளையாடும் ஜாய்ஸ்டிக்கும் அந்த வகுப்பில்தான் வரும். வின்யுஎஸ்பி, தமக்கென டிரைவர் எழுத வசதியில்லாத சிறு தயாரிப்பாளர்களுக்கான பொது வழி. விண்டோஸ் விஸ்டா காலத்தில் வந்தது. யுஎஸ்பிமான், பிரிண்டர் ஒன்று மாட்டப்பட்டதும் அதற்கு ‘யுஎஸ்பி001’, ‘யுஎஸ்பி002’ என்று கற்பனை வாசல் ஒன்றைத் திறந்து வைக்கும் கோப்பு. இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விரலின் பயணம்

பெரியவரின் ரேகை போன வழியைப் பார்த்தால் இந்த அடுக்குகள் தெளிவாகும். கரும்பு வெட்டித் தேய்ந்த விரல். இரண்டாம் முறை அழுத்தியபோதுதான் பதிந்தது. கண்ணாடிக்கு அடியில் உள்ள உணரி படமெடுக்கிறது. எடுத்தது ஒயர் வழியாக ஓட்டைக்கு வருகிறது. ஓட்டையை ஆளும் டிரைவர் அதைப் பொட்டலம் பொட்டலமாக வாங்கி, மேலே உள்ள கருவியின் டிரைவரிடம் கொடுக்கிறது. அதனிடமிருந்து தயாரித்த நிறுவனத்தின் நூலகக் கோப்பு வாங்கிக்கொள்கிறது.

இதற்கு மேல் இந்தியாவுக்கே உரிய ஓர் அடுக்கு உண்டு. ஆதார் ஆணையத்தின் விதிப்படி, ரேகையைப் பச்சையாக எந்தச் செயலியிடமும் கொடுக்கக் கூடாது. ஆர்டி சர்வீஸ் என்று கடைக்காரர்கள் சொல்லும் மென்பொருள், எந்தக் கருவியில் எடுத்தது என்ற மின்னணுக் கையொப்பத்தோடு பூட்டிய மூட்டையை மட்டுமே வெளியே தருகிறது. அதே கம்ப்யூட்டருக்குள் 11100 முதல் 11120 வரையிலான எண் கொண்ட கதவுகளில் ஒன்றில் அது காத்திருக்கும். அரசு இணையப் பக்கம் அந்தக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கிறது. கருவியில் விளக்கு எரிந்தும் ‘கருவி தயாராக இல்லை’ என்று பக்கம் சொன்னால், ஒயர்மேல் பழி போடாதீர்கள். கதவுக்குப் பின்னால் ஆள் தூங்குகிறார்.

பள்ளி லேப்டாப்பில் வந்த இன்னொரு வழி

2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அந்த லேப்டாப்களில் விண்டோஸுடன், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பல பிள்ளைகள் அந்தப் பக்கமே போகவில்லை. போனவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பார்கள்: யூஎஸ்பி அங்கே வேறு விதமாக ஆளப்படுகிறது.

லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் இயக்க முறைமையின் கருவோடு சேர்ந்தே வருகின்றன. கருவி மாட்டப்பட்டதும் கரு ஒரு குரல் கொடுக்கும்; யூடெவ் என்ற பணியாளர் அதைக் கேட்டு, விதிக் கோப்புகளைப் பார்த்து, கருவிக்குப் பெயர் வைப்பார். 2003இல் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் எழுதத் தொடங்கியது இது. அதற்கு முன் மாட்டிய வரிசைப்படிதான் பெயர்: முதலில் மாட்டிய வட்டு ‘ஏ’, அடுத்தது ‘பி’. நாளை வரிசை மாறினால் பெயரும் மாறும். யூடெவ் வந்தபின், வட்டின் சொந்த வரிசை எண்ணை வைத்தே மாறாத பெயர் கொடுக்க முடிந்தது. வின்யுஎஸ்பி செய்யும் வேலையை அங்கே செய்வது லிப்யுஎஸ்பி. ஒரு தடவை எழுதிய செயலியை லினக்ஸிலும் விண்டோஸிலும் மேக்கிலும் ஓடவைக்கும் பொது அண்டா அது.

இரண்டு உலகத்திலும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான்: நேற்று வந்த கருவியும் இன்று வந்த கருவியும் ஒன்றா, வேறா?

17ஆவது பைட்டின் தீர்ப்பு

இப்போது ரசீதுக்கு வருவோம். பிரிண்டரிடம் தனி வரிசை எண் இருந்தால் விண்டோஸுக்குக் குழப்பமில்லை. எந்த ஓட்டையில் மாட்டினாலும், ‘பழைய ஆள்தான்’ என்று அடையாளம் கண்டு பழைய வாசலையே திறந்துவிடும். 17ஆவது பைட் பூஜ்யமாக இருந்தால் நிறுவன எண்ணும் மாடல் எண்ணும் மட்டுமே மிஞ்சும். அதே மாடலில் விற்ற எல்லாப் பிரிண்டருக்கும் அவை ஒன்றுதான். முருகன் என்று பெயர் மட்டும் சொன்னால் எந்த முருகன்? ஊரில் என்ன செய்வோம்? மேலத்தெரு முருகன், கீழத்தெரு முருகன் என்போம். விண்டோஸும் அதையேதான் செய்கிறது. வரிசை எண் இல்லாத கருவிக்கு அது மாட்டியிருக்கும் ஓட்டையை வைத்து அடையாளம் உண்டாக்குகிறது.

பையன் ஒயரை மாற்றியதும் மேலத்தெரு முருகன் காணாமல் போனார்; கீழத்தெருவில் புது முருகன் வந்து சேர்ந்தார். யுஎஸ்பிமான் புதியவருக்கு ‘யுஎஸ்பி002’ என்று இரண்டாவது வாசலைத் திறந்தது. பிரிண்டர் பட்டியலில் அதே பெயர் ‘காப்பி 1’ என்ற வாலோடு இன்னொரு முறை ஏறியது. கடைக்காரப் பெண் அழுத்திய நாலு அச்சும் பழைய வாசலில், யாரும் இல்லாத வரிசையில் காத்துக்கிடக்கின்றன. ஒயரைப் பழைய ஓட்டைக்கே மாற்றினால் நாலு ரசீதும் சேர்ந்து வந்து விழும்.

பெண் சொன்னது மூடநம்பிக்கை அல்ல. தயாரிப்பாளர் சிக்கனம் பார்த்து விட்டுவிட்ட அடையாளத்தை, பிளாஸ்திரியும் பேனாவும் கொண்டு அவர் ஈடுகட்டியிருக்கிறார்.

காணாமல் போன கோப்பை எங்கே தேடுவது?

பொதுப் பாத்திரத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. 1990களில் புதிதாக இன்ஸ்டால் செய்யும் செயலி, பொது நூலகக் கோப்பைத் தன் பதிப்பால் மாற்றிவிட்டுப் போகும். அடுத்த கல்யாண வீட்டுக்காரர் வந்து பார்த்தால் அண்டா இருக்க வேண்டிய இடத்தில் சொம்பு இருக்கும். விண்டோஸ் 2000 முதல் மைக்ரோசாஃப்ட் முக்கியமான கோப்புகளுக்குக் காவல் போட்டது. ஆனாலும் ‘இந்த டிஎல்எல் காணவில்லை’ என்ற செய்தி இன்றும் வருகிறது. உடனே இணையத்தில் அந்தப் பெயரைத் தேடி, ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தெருவில் கிடந்த மாத்திரையை எடுத்து விழுங்குவதற்கு இது சமம். அந்தக் கோப்பு எந்தப் பதிப்பு, உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதன் கையில் நம் கீபோர்டும் ரேகைக் கருவியும் இருக்கும்.

கடை நடத்துகிறவர்கள் நினைவில் வைக்க மூன்று விஷயங்கள் போதும். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் 43 என்ற எண் வந்து, சாதகமே கிடைக்கவில்லை என்று சொன்னால், எந்தக் கோப்பையும் தேட வேண்டாம். முதலில் ஒயரை மாற்றுங்கள். சார்ஜ் ஏற்ற மட்டும் பயன்படும் ஒயர்களில் பேச்சுக் கம்பி இரண்டும் இருக்காது. அவற்றை மாட்டினால் கம்ப்யூட்டர் வாயே திறக்காது. 28 என்ற எண் வந்தால் சாதகம் கிடைத்துவிட்டது, டிரைவர்தான் இல்லை. கருவியைத் தயாரித்தவரின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். விண்டோஸின் சொந்தக் கோப்பு கெட்டிருந்தால், நிர்வாகி உரிமையோடு கட்டளைத் திரையைத் திறந்து ‘எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ்’ (sfc /scannow) கட்டளையைக் கொடுங்கள். விண்டோஸ் தன் சேமிப்பிலிருந்தே நல்ல பிரதியை எடுத்து வைத்துக்கொள்ளும்.

அடுத்த முறை பிரிண்டரோ ரேகைக் கருவியோ வாங்கும்போது, அதற்குத் தனி வரிசை எண் உண்டா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அட்டைப்பெட்டியில் ஒட்டியிருக்கும் எண் அல்ல, கம்ப்யூட்டரிடம் அது சொல்லும் எண். அந்த எண் இருந்தால் எந்த ஓட்டையில் வேண்டுமானாலும் சொருகலாம். இல்லையென்றால், பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதி வையுங்கள்.